தாய்மாமன் வாங்கித் தந்த ஆம்ப்ளிஃபயர்

ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைப்பது என் தொழில். கல்யாணத் தரகருக்காவது இலை போட்டுச் சாப்பாடு வைத்து அனுப்புவார்கள், எனக்கு அதுவும் கிடையாது.

சிவகாசியில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற செட்டு மட்டும்தான் விற்பேன். கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாயும், கல்யாண மண்டபத்துப் பெட்டியும் என்னிடம் கிடையாது. வருஷம் முழுக்கச் சத்தம் தயாரிக்கிற ஊர் எங்களுடையது. அதைக் காதுக்கு இதமாகவும் கேட்கலாம் என்று நினைக்கிற ஆட்கள் இங்கே குறைவு. அந்தக் கொஞ்சப் பேரை நம்பிக் கடை திறந்தவன் நான்.

நீங்களும் ஏதோ ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று, தெரிந்த உண்மையைச் சொல்லிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

நாலு கலர்

அச்சாபீஸில் ஃபோர்மேனாக இருக்கிற ஒருவர் வந்தார். காலண்டர், பட்டாசு லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் அடிக்கிற பிரஸ். ஹாலுக்கு ஒரு செட்டு வேண்டும் என்றார். ஹாலின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு, நாற்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் அதற்குத் தோதான இரண்டு ஸ்பீக்கரையும் மாட்டிப் பாட வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "பாடுத ஆளு எதுக்க உக்காந்திருக்க மாரில்ல இருக்கு" என்று அவராகவே சொன்னார். அப்புறம் டப்பாவைத் திருப்பி நாற்பது வாட்ஸ் என்று படித்தார். முகம் விழுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் ஐயாயிரம் வாட்ஸ் செட்டே இருக்கிறதாம்.

அது சும்மா அட்டையில் போடுகிற நம்பர், நிஜமாக ஐயாயிரம் வாட்ஸ் என்றால் உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரே அழுதுவிடும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? அந்த அட்டைய அடிச்சதே எங்க பிரஸ்ஸுதான். முதல்ல மூவாயிரம்னுதான் பிளேட்டு போட்டோம். பார்ட்டி போன் பண்ணி ஐயாயிரமா மாத்தச் சொன்னாக, மாத்திக் குடுத்தோம்." அப்பாடா, விவரமான ஆள் என்று நான் பில் புத்தகத்தைத் தேடினேன். அவர் எழுந்து வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்:

"இருந்தாலும் அண்ணாச்சி, நாலு கலர்ல அடிச்சிருக்கு, மேல வார்னிஷ் வேற போட்டிருக்கு. அம்புட்டும் பொய்யாவா இருக்கும்?"

பல்லி

விஸ்வநத்தத்துக்காரர் ஒருவர். பட்டாசுக் கம்பெனியில் வெடியை வெடித்துப் பார்த்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்கிற வேலை. இருபது வருஷமாக அதுதான். என்னிடம் வாங்கிய செட்டில் மூன்றே மாதத்தில் ட்வீட்டர் போய்விட்டது. ட்வீட்டர் என்பது கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கர். எல்லோரும் பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்று நினைக்கிறார்கள். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாக முறுக்கிப் பாருங்கள், தம் கட்ட முடியாமல் கத்தும். அந்தக் கத்தலில் முதலில் சாவது ட்வீட்டர்தான். மாற்றிக் கொடுத்து, முறுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே மனைவியோடு வந்தார். இப்போதும் கீச்சுச் சத்தம் வரவில்லை என்றார். கடையில் போட்டேன். சலங்கை ஒலி மணி மணியாக விழுந்தது, எனக்கு. அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு "வரல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். காது போன கதை கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். நல்லாயிருந்த ட்வீட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல ட்வீட்டரை மாட்டினேன். வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. பழகிவிடும் என்று அன்றைக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார்.

"இப்பமும் கம்மியாத்தான் தெரியுது. சரி, விடும். வெயிலு ஏறிப்போச்சுல்ல, எங்க வீட்ல பல்லிகூட இப்பம்லாம் சொல்றதில்ல."

ஆளுக்கு ஒரு டப்பா

இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஒரு செட்டைப் பற்றித்தான். என் கடைப் பெயரைக் குழி தோண்டிப் புதைத்த செட்டு அது.

சுப்புராஜ் ஐயா விருதுநகர் பக்கம் நிலபுலன் உள்ளவர். மூத்த மகள் ஜெயந்தியை வெம்பக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தார். அவர்களும் நிலக்காரர்கள். சீர்வரிசையில் பீரோ கட்டிலோடு பாட்டு செட்டும் உண்டு என்று பேச்சு. அவர்கள் முறைப்படி சீர் சாமானில் பாதியை அப்பா எடுக்க வேண்டும், பாதியைத் தாய்மாமன் எடுக்க வேண்டும். பீரோவை ஒருவரும் கட்டிலை ஒருவரும் வாங்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பாட்டு செட்டையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் அப்பா, ஆம்ப்ளிஃபயர் தாய்மாமன்.

சுப்புராஜ் ஐயா இடுப்பு உயரத்துக்கு நிற்கிற இரண்டு நாலு ஓம் ஸ்பீக்கரை எடுத்தார். ஓம் என்றதும் மிரள வேண்டாம். எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்ளிஃபயரின் தோளில் ஒரு மூட்டை; நாலு ஓம் என்றால் இரண்டு மூட்டை. நம்பர் குறையக் குறையச் சுமை கூடும். இரண்டு மூட்டை தூக்குகிற ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் துண்டுச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, மச்சினரிடம் கொடுங்கள் என்று ஐயாவின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பார்க்கிறேன், மச்சினர் மதுரையில் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். முகப்பில் நீல விளக்கு எரியும், பாட்டுக்கு ஏற்றாற்போல ஊசி ஆடும். பின்பக்கம், எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சடித்திருந்தது. சீட்டைக் கொடுத்தீர்களா ஐயா என்று கேட்டேன்.

"எப்பிடித் தம்பி குடுக்க? மொற செய்ய வந்த மனுசங்கிட்ட இதத்தான் வாங்கணும்னு சீட்ட நீட்டுனா, அவரு மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

அரை உட்காரல்

மாப்பிள்ளை வீட்டில் செட்டை மாட்டிக் கொடுக்கப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா அழகர்சாமி. அந்த வீடு எனக்குப் புதிதில்லை. அவர் கிணற்றில் என் அப்பா தூர் எடுத்திருக்கிறார். அம்மா பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேனில் ஏற ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கும் அந்த வாசலுக்கும் இருந்த கூலித் தொடர்பு விட்டது. அவருக்கு அது மறக்கவில்லை. எனக்கும்தான்.

என் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கேட்கிறவர் உட்காருகிற இடத்தில் நாம் உட்கார்ந்து பார்த்துத்தான் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்க முடியும். அங்கே உட்கார்ந்தால்தான் பாடுகிற குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்கிறதா என்று தெரியும். எழுந்து நின்றால் கணக்கு மாறிவிடும். அந்த ஹாலில் அந்த இடத்தில் அழகர்சாமிப் பெரியவரின் தேக்கு நாற்காலி கிடந்தது. நீங்கள் உட்காருங்கள் ஐயா என்றேன். எனக்கு என்ன தெரியும், நீயே பாத்து வையி என்று தூணில் சாய்ந்துகொண்டார். அந்த நாற்காலியில் நான் உட்காருவேன் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால், வீட்டுப்பாடம் எழுதாத பையனை வாத்தியார் நிறுத்துவாரே அப்படி, அந்தரத்தில் அரையாக உட்கார்ந்து, எழுந்து போய் ஸ்பீக்கரைத் திருப்பி, மறுபடி அரையாக உட்கார்ந்து, தொடை நடுங்க நடுங்க அந்தக் குரலை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் ஆம்ப்ளிஃபயருக்கு வந்தேன். இந்தப் பெட்டி இந்த ஸ்பீக்கரைத் தாங்காது, மாற்றிவிடலாம் என்றேன். தாய்மாமன் சீரை மாற்றுவதா என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சரி, கால்வாசிக்கு மேல் திருகாதீர்கள் என்று வால்யூம் திருகியின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்தேன். பெட்டியைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையையாவது கழற்றுங்கள், சூடு போக வழி வேண்டும் என்றேன். அதுவும் ஆகாது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் வந்து, சீர் புதுசுதான் என்று பார்க்கிறவரை உறையைப் பிரிக்க மாட்டார்கள். புது மருமகள் ஜெயந்தி மட்டும் அந்த வெள்ளைப் புள்ளியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் திருப்புளியைப் பையில் போடும்போது பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஏலே, என்னத்துக்கு அம்புட்டு நேரம் அந்தரத்துல நின்ன? தரையில உக்காந்து கேக்க வேண்டியதுதான, நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

புகை

பங்குனிப் பொங்கலன்று மத்தியானம், இரண்டு பக்கத்துச் சொந்தமும் அந்த ஹாலில் கூடியிருந்தது. நான் அங்கே இல்லை. பிறகு ஊரே எனக்குச் சொன்னது. சீர் செட்டு எப்படிப் பாடுகிறது பார்ப்போம் என்று யாரோ கேட்க, மாப்பிள்ளை போட்டிருக்கிறார். சத்தம் பத்தவில்லை என்று இன்னொருவர் சொல்ல, வெள்ளைப் புள்ளியைத் தாண்டித் திருகியிருக்கிறார். அப்புறமும் பத்தவில்லை. ஒரு மணி நேரம் அந்தப் பெட்டி இரண்டு மூட்டையைச் சுமந்துகொண்டு, பாலிதீன் போர்வைக்குள் வெந்திருக்கிறது. கடைசியில் புகைந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் புகை வாடை வந்தால் என்ன ஏது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லத் திரும்பி வந்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மொத்த வீடும் தெருவுக்கு ஓடியது. அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் ஓடின. ஒருத்தர் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டார். அழகர்சாமி பந்தியில் பாதியில் எழுந்து, எச்சில் கையோடு வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுக்கு வரைக்கும் ஓடியிருக்கிறார். யாருக்கும் ஒரு காயமும் இல்லை. பெரியவர் ஓடியதை ஊர் பார்த்துவிட்டது, அதுதான் சேதாரம். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"ஏலே, ஏம் பொறப்புல நான் இப்பிடித் தெருவுல ஓடுனதில்ல. நாளைக்கு வாற. வந்து எந்தச் சாமான் மேல தப்புன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டுப் போற."

எந்தச் சாமான்

போனேன். இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார். சுப்புராஜ் ஐயா தரையைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். எரிந்தது ஆம்ப்ளிஃபயர், அது போகிற போக்கில் ஒரு ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. பத்து விநாடியில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அரை மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

ஆம்ப்ளிஃபயர் என்று சொன்னால் தாய்மாமன் எழுந்து போய்விடுவார். அப்புறம் அந்த வாசலை மிதிக்க மாட்டார். ஸ்பீக்கர் என்றால் அப்பா செய்த சீர் மட்டம். எதைச் சொன்னாலும் ஜெயந்தி அந்த வீட்டில் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓமைப் பற்றிச் சொன்னால் கேட்கிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. இரண்டு சாமானையும் விட்டால் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன். ஜெயந்தி பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்கள் கையில் வெள்ளி டம்ளர் இருந்தது. குனிந்தபோது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, புள்ளியத் தாண்டாதீகன்னு நான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல" என்றாள். பொய் சொல்லுங்கள் என்று அவள் சொல்லவில்லை.

"ரெண்டு சாமானும் நல்ல சாமான்தான் ஐயா. வயரை நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்றேன். ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அழகர்சாமி ஏசினார். என் அப்பாவையும் சேர்த்து ஏசினார். நான் நின்றுகொண்டே கேட்டேன். தாய்மாமன் கட்டியிருந்த கையை அவிழ்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"நானும் அதத்தான பாத்தேன். மதுரையில வாங்குன பொருளு அப்பிடிப் போகாதே."

ஒத்துக்கொண்டவன்

எரிந்த பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். உள்ளே இருந்ததை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, நாலு ஓம் தாங்குகிற வேறு ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டை அதே பெட்டிக்குள் பொருத்தினேன். நீல விளக்கையும் ஆடுகிற ஊசியையும் அப்படியே விட்டேன். போன ஸ்பீக்கரையும் மாற்றினேன். கொண்டுபோய் மாட்டியபோது பெரியவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார், அதனால் அரையாக உட்காருகிற வேலைகூட இல்லை. இந்தத் தொழிலில் நான் பார்த்த பொருத்தங்களிலேயே சிறந்தது அதுதான். வெளியே தாய்மாமன், உள்ளே நான்.

வயர்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதவன் என்ற பேச்சு என்னை முந்திக்கொண்டு சிவகாசிக்கு வந்துவிட்டது. எம். புதுப்பட்டியிலிருந்து வந்த இரண்டு ஆர்டர் அப்படியே திரும்பிப் போனது. விஸ்வநத்தத்துக்காரர்கூட வந்து, ட்வீட்டருக்கும் வயரை மாற்றித்தான் கொடுத்தீரோ என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும், சுப்புராஜ் ஐயாவுக்காவது உண்மை தெரியும், அவர் பையில் என் சீட்டு இருந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் அவரே கடைக்கு வந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கேட்கிறவர்களுக்காகப் போட்டிருக்கிற என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். நன்றாக, முழுசாக உட்கார்ந்தார். மகள் நலமா என்றேன். நலம் என்றார். தனியாகத்தான் இருந்தோம், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை, தம்பி எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கடைப் பெயர் போனதைக்கூட மறந்திருப்பேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்ப ஒத்துக்கிட்ட பாரு, அந்த மனசு ஆருக்கும் வராது தம்பி. எம் மச்சினன் வாங்குன பெட்டி இப்பம் எம்புட்டு நல்லாப் பாடுது. சின்னவளுக்கும் தையில கல்யாணம் வச்சிருக்கோம். சொல்லாம வேற கடையில எடுத்தா நீ மனசு சங்கடப்படுவேன்னுதான் நேர்ல சொல்லிட்டுப் போக வந்தேன்."

கடைக்குப் புது பில் புத்தகம் அடிக்க அதே பிரஸ்ஸில் கொடுத்திருக்கிறேன். எது எரிந்தாலும் தவறு எங்களுடையதே என்று கீழே ஒரு வரியை நாலு கலரில் போடச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் எல்லோரும் நம்புவார்கள்.